இருட்டுப் பள்ளம் போகும் பயணிகள் கவனத்திற்கு

தலாஸில் பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு அனார்கானுக்குத்தான். வேன் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். நாய் குரைத்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவாள். போலீஸ்காரரைக் கண்டால், அவர் நமக்கு உதவ வந்தவராகவே இருந்தாலும், அவள் கை தானாகப் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடும். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் தேநீர் சிந்தும். அவளுடைய வேலையே தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை எடுப்பதுதான். பதினைந்து வருடமாக எடுக்கிறாள், பதினைந்து வருடமாகச் சிந்துகிறாள். மேசைத் துணியை மாற்றி மாற்றி எனக்கு அலுத்துவிட்டது.

நான் பெய்ஷென், அவளுடைய வேன் ஓட்டுநர். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம், எங்கள் கிர்கிஸ் நாட்டுத் தலாஸிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் கஸாக் நாட்டுத் தராஸ் வரைக்கும் பஸ் ஓட்டினேன். அனார்கானைப் பற்றிப் பத்திரிகையில் ஒருமுறை பெயர் போடாமல் எழுதினார்கள். 'அஞ்சாத பெண்மணி' என்று தலைப்பு. நான் சிரித்ததில் எனக்குப் புரை ஏறிவிட்டது. அவள் அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். எழுதியவர்களுக்கு அவளைத் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் நான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் அவள் தலாஸ் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். ஆளைப் பார்த்தால் ஒரு பிடிதான் இருப்பாள். ஒலிபெருக்கியில் வரும் குரலைக் கேட்டால் ஆறடி உயரத்துப் பெண் என்று நினைப்பீர்கள். அவசரம் இல்லாத, கனமான குரல். அவள் அறிவித்தால் ஓடுகிற ஆள்கூட நடப்பான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கும், எந்த ஊருக்கு எத்தனையாவது நிறுத்தம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது, வம்பும் வந்தது.

எங்கள் பக்கம் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். பெயரை மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சொல்லையும் சொல்ல மாட்டாள். அனார்கானின் மாமனார் பெயர் காராபாய். காரா என்றால் கருப்பு. கருப்புக் குதிரையை 'கரிப் பானை நிறத்துக் குதிரை' என்று சொல்லிச் சமாளித்தாள். ஊர்ப் பெயருக்கு என்ன செய்வாள்? எங்கள் பள்ளத்தாக்கில் காரா-ஓய் என்று ஓர் ஊர் இருக்கிறது, கரும்பள்ளம் என்று அர்த்தம். கல்யாணம் முடிந்து வேலைக்கு வந்த முதல் காலையில், "பயணிகள் கவனத்திற்கு. கா..." என்றாள். அதோடு குரல் நின்றுவிட்டது. நிலையம் முழுவதும் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இருட்டுப் பள்ளம் போகும் பயணிகள் கவனத்திற்கு. உங்கள் வண்டி ஐந்தாம் மேடையிலிருந்து புறப்படுகிறது" என்றாள்.

அப்படி ஓர் ஊர் யாருக்கும் தெரியாது. காரா-ஓய்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள், வண்டி அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மறுநாள் சண்டைக்கு வந்தார்கள். அதற்கப்புறம் எல்லாருக்கும் பழகிவிட்டது. பத்து வருடம் அவள் அப்படித்தான் சொன்னாள். காரா-ஓய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் "டேய் இருட்டுப் பள்ளம்" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். தலைநகரத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி தன் காதாலேயே கேட்டுவிட்டு, அவளை மைக்கிலிருந்து எடுத்து டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார். அன்று அவள் அழுதாள். எனக்கும் கஷ்டமாக இருந்தது, அதைக் காட்டாமல், "மாமனாருக்குப் பேர மாத்தி வச்சிருக்கலாம்ல?" என்று கிண்டல் செய்தேன்.

அந்த ஜன்னலில்தான் அது நடந்தது. பட்டுத் துணி தலையில் கட்டிய ஒரு பெண்மணி நான்கு டிக்கெட் வாங்கினாள். அவளோடு மூன்று பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி ஜன்னல் கண்ணாடி வழியே அனார்கானையே பார்த்தாள். அனார்கான் டிக்கெட் கட்டிலிருந்து கையை எடுத்தாள். கேட்கலாமா என்று நினைத்தாள், பயமாக இருந்தது, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள். ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா ஒரு போட்டோவோடு அதே ஜன்னலுக்கு வந்து, "இவள எங்கயாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் இன்றுவரை கிடைக்கவில்லை. அவள் போன பஸ்ஸை ஓட்டியவன் நான்தான். வழியில் ரேடியோவில் பாட்டு வேறு போட்டேன்.

ஆகவே எங்கள் இருவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. மருந்துக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை, வேலை என்று கூட்டிப் போய் அடைத்து வைக்கப்படும் பெண்கள் கூப்பிட ஒரு போன், தப்பி வந்தால் படுக்க மூன்று கட்டில். வெளியே பெயர்ப் பலகை கிடையாது. எல்லைச் சாவடிகளிலும் பஸ் நிலையங்களிலும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் எங்கள் எண்ணை ஒட்டி வைப்போம். ஆள் பிடிப்பவர்கள் கூடவே உள்ளே வர முடியாத இடம் அது ஒன்றுதான். போனில் அனார்கான் தன் பெயரைச் சொல்ல மாட்டாள். அது அவள் போட்டுக்கொண்ட விதி, பயத்தில் போட்ட விதி.

நான்கு வருடத்துக்கு முன்பு, வெங்காய அறுவடைக் காலத்தில், ஒரு நாள் காலையில் போன் அடித்தது. தேநீர் சிந்தியது. எடுத்தாள். ஒரு பெண் காற்றுப் போலப் பேசினாள். அனார்கான் போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள். நான் பென்சிலை எடுத்தேன். அவள் கேட்பாள், நான் எழுதுவேன், எங்கள் வழக்கம் அது.

"அக்கா, கழிப்பறைக் கதவுல உங்க நம்பரப் பாத்து மனசுல வச்சிருந்தேன். என் பேரு பெர்மெத். காரா-ஓய். எங்கூட எம் பொண்ணு இருக்கா. தான்சுலு. நாலு வயசு."

"சொல்லும்மா. மெதுவா சொல்லு. யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல. இது வேற ஒருத்தியோட போன், ஒளிச்சு வச்சிருக்கா. ஒரு மாசம் வெங்காயம் பிரிக்கிற வேலைன்னு கூட்டிட்டு வந்தாங்க. நாலு மாசமாச்சு. பாஸ்போர்ட்ட வாங்கிட்டாங்க. வெங்காயக் கிடங்குல வச்சுப் பூட்டிடுறாங்க."

யாராவது பதறினால் அனார்கான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள். அதைச் சொல்லும்போது மூச்சு சீராகும் என்பாள். அன்றும் கேட்டாள். "பிள்ளைக்கு என்ன குடுக்குறாங்கம்மா?"

"எங்களுக்கு வெறும் ரொட்டி. இன்னிக்கு மட்டும் இவளுக்கு ரொட்டியோட தங்கக் கொழுப்பு வச்சுக் குடுத்தாங்க. தலை வாரி விட்டாங்க. புதுக் கவுன் போட்டுப் பாத்தாங்க, அளவு சரியா இருக்கான்னு." குரல் உடைந்தது. "எதுக்குக்கா புதுக் கவுன்? நாளன்னிக்கி மத்தியானம் ஒரு கார் வருதாம். பிள்ளை இல்லாத வீடாம். அவள மட்டும் கூட்டிட்டுப் போவாங்களாம்."

நாலு மாதம் அடித்ததைச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்தக் கவுன்தான் என்னைப் பயமுறுத்தியது. அனார்கான் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தாள்.

"எந்த ஊரும்மா? ஊர் பேரு தெரியுமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அல்தின்-புலாக்" என்றாள். தங்க ஊற்று.

"தெரியும்மா, தெரியும். நாங்க வரோம்."

"அக்கா, உங்க குரல நான் கேட்டிருக்கேன். தலாஸ் பஸ் ஸ்டாண்டுல..."

"இல்லம்மா. அது வேற யாரோ."

"நாளன்னிக்கி காலைல பத்து மணிக்குக் கூப்பிடுறேன். அப்பத்தான் காவக்காரன் சாப்பிடப் போவான்." போன் அணைந்தது.

அனார்கான் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரி பார்த்தாள். "தராஸ்லேர்ந்து சர்க்கரை ஆலை ரோடு, நாலாவது நிறுத்தம்" என்றாள். பழைய பெருமை அந்தப் பயத்துக்கு நடுவிலும் தலை நீட்டியது. நானும், "ஆமா, வளைவு தாண்டினா இடது பக்கம்" என்றேன். இரண்டு பேருக்கும் வழி தெரிந்த மிதப்பில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் தராஸ் போனோம். அங்கே கேப்டன் தாவ்லெத்கான் என்று ஒரு போலீஸ் அதிகாரி. நல்லவர்தான், ஆனால் நல்லவர் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பவர். போன் எண்ணை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆகும், கடிதம் மேல் கடிதம் போக வேண்டும் என்றார். ஊர்ப் பெயர் இருந்ததால் ஜீப்பில் ஆளை ஏற்றிக்கொண்டு எங்களோடு அல்தின்-புலாக் வந்தார்.

அங்கே வெங்காயமே இல்லை. ஒரே ஒரு பெரிய பண்ணை இருந்தது, அது கோழிப் பண்ணை. போலீஸைக் கண்டதும் பண்ணைக்காரர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னய்யா, கோழியக் கடத்துறோம்னு யாராச்சும் எழுதிப் போட்டாங்களா? உள்ள வந்து ஒவ்வொண்ணா பேரு கேளுங்க. சேவலுக்கு ரஷ்ய மொழியும் வரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "அக்கா, உங்க ஊர்ப் பொண்ணு உங்கள நல்லா சுத்தி விட்டிருக்கா" என்றார். ஊர் முழுக்கத் தேடினோம். கிடங்கு என்று சொல்ல ஒரு கொட்டகைகூட இல்லை. சாலையோரம் ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்தி எங்களையே பார்த்துக்கொண்டு யாருடனோ போனில் பேசினான். அதைப் பார்த்ததும் அனார்கான் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவன் சொல்லிடுவான். போலீஸ் தேடுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். நாளைக்கு வர்ற கார இன்னிக்கே வரச் சொல்லிடுவாங்க."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு தராஸில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம், யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் காவல் நிலையத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். மணி எட்டரை. கார் வர மூன்றரை மணி நேரம். அனார்கான் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள், வாயில் ஒன்றும் போகவில்லை. கடைக்காரப் பெண் வந்து, "வெறும் ரொட்டிய ஏன் கொல்றீங்க? ஸாரு மாய் வைக்கட்டா?" என்றாள்.

ஸாரு மாய் என்றால் வெண்ணெய். சொல்லுக்குச் சொல் பார்த்தால் மஞ்சள் கொழுப்பு. எங்கள் ஊரிலும் அதுதான், கஸாக்குகளிடமும் அதுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டைத் திறந்து பார்த்தேன். 'குழந்தைக்கு ரொட்டியும் வெண்ணெயும்' என்று என் கையெழுத்தில் இருந்தது.

"அனார்கான், அந்தப் பொண்ணு வெண்ணெய்னு சொல்லல."

"என்ன?"

"தங்கக் கொழுப்புன்னுதான் சொன்னா. ஏதோ அவங்க வீட்டுக் கொச்சைன்னு நெனச்சு, நான்தான் வெண்ணெய்னு திருத்தி எழுதினேன்."

அனார்கான் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ரொட்டித் துண்டு கையிலிருந்து விழுந்தது. "மஞ்சள்னு அவ வாயில வராது" என்றாள். "ஸாருன்னு சொல்ல மாட்டா. ஸாரு எங்க வந்தாலும் தங்கம்பா. அண்ணே, அது அல்தின்-புலாக் இல்ல. ஸாரு-புலாக். மஞ்சள் ஊற்று. தெற்கு ரோட்டுல, நாப்பது கிலோமீட்டர். அங்க கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெங்காயம்தான்." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்குல்ல தெரிஞ்சிருக்கணும். எனக்கே தெரியலியே!"

பிள்ளையை விற்கப் போகிறார்கள், உயிருக்குப் பயந்து திருட்டுப் போனில் பேசுகிறாள், அப்போதும் மாமனார் பெயரை நாக்கு ஒதுக்கிவிட்டுப் போகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நம்பினால் மட்டும் போதாது, இந்தத் தடவை உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். பெர்மெத்தின் வீட்டு எண்ணைக் காரா-ஓய்யில் இருக்கும் என் பழைய நடத்துனரிடம் கேட்டு வாங்கினேன். அவளுடைய மாமியார் எடுத்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று அனார்கான் கேட்டாள்.

"ஏன் கேக்குற? நீ யாரு?"

"உங்க மருமகளுக்கு உதவி பண்றவம்மா. சீக்கிரம் சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்லுவேன்? அவரு வீட்டுக்காரராச்சே."

மனைவிக்கும் அதே விதிதான். அனார்கான் கண்ணை மூடிக்கொண்டாள். நான் போனைப் பிடுங்கி, "யம்மா, உங்க பேத்தி உசுரு போகுது, பேரச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஒரே குழப்பம். "இந்தா, எவனோ கத்துறான்" என்று கிழவி யாரையோ கூப்பிட்டாள். பிறகு ஒரு தடித்த ஆண் குரல் வந்தது.

"யாருப்பா அது? நான் ஸாருபாய் பேசுறேன்."

அனார்கான் அழுதுவிட்டாள்.

கேப்டனிடம் ஓடினோம். அவர் முழுவதையும் கேட்டார். "எங்கம்மாவும் அப்படித்தான். சித்தப்பா பேரு ஓநாயில ஆரம்பிக்கும், ஓநாய 'ஊளையிடுறது'ன்னுதான் சொல்லும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். "ஆனா மேலதிகாரிகிட்ட வெண்ணெயக் காட்டி ஜீப் கேக்க முடியாது. நேத்தே வாங்கிக் கட்டிக்கிட்டேன். பத்து மணிக்கு அவ கூப்பிடுவால்ல? என் காதுபட ஆமான்னு சொல்லட்டும்."

பத்து மணி ஆனது. போன் வரவில்லை. பத்தேகால் ஆனது. பத்து இருபது. அனார்கான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. பிரார்த்தனை என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். தெற்கு ரோட்டு நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி பத்தரை. வெளியே போய் நின்றேன், நிற்க முடியாமல் உள்ளே வந்தேன். பத்து முப்பத்தேழுக்கு அடித்தது.

"பெர்மெத், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஸாரு-புலாக்கா?"

"ஆமாக்கா. மன்னிச்சிடுங்கக்கா, வாய் வரல" என்றாள். உடனே படபடவென்று பேசினாள். "நேத்து சாயந்திரம் வெளிய இருந்து 'போலீஸ் வந்திருக்கோம், வாங்க'ன்னு கூப்பிட்டாங்க. நம்பி ரெண்டு பேர் கதவைத் தட்டினாங்க. கூப்பிட்டது இவங்க ஆளுங்கதான். அந்த ரெண்டு பேரையும் அடிச்ச அடி... இனி யார் கூப்பிட்டாலும், பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும், மூச்சு விடக்கூடாதுன்னு எல்லாரும் பேசி வச்சிருக்கோம். அக்கா, காவக்காரன் வரான்..."

கேப்டன் ஏற்கெனவே தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பது கிலோமீட்டர். ஜீப்புக்குப் பின்னால் நான் வேனை விரட்டினேன். பக்கத்தில் அனார்கான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு, "மெதுவா போங்கண்ணே" என்றாள், அடுத்த நொடியே "சீக்கிரம் போங்கண்ணே" என்றாள். பதினொன்றே முக்காலுக்கு ஸாரு-புலாக் எல்லையில் அந்தக் கிடங்கு தெரிந்தது. ஜன்னல் இல்லாத நீளமான செங்கல் கட்டடம், இரும்புக் கதவு, அதில் பூட்டு. வாசலில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. பின் சீட்டில் நன்றாக உடுத்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு பொம்மை, புதுசு, கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காவல்காரன் சாவகாசமாக வந்தான். "வெங்காயந்தான் சார் இருக்கு. சாவி முதலாளிகிட்ட. அவரு அஸ்தானா போயிருக்காரு."

"கார் எதுக்கு நிக்குது?"

"வழி கேட்டு வந்தாங்க."

கேப்டன் பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தணிந்த குரலில் அனார்கானிடம், "உத்தரவு இல்லாம பூட்ட உடைச்சா நாளைக்கு நான் வீட்ல இருப்பேன், இவன் வெளிய இருப்பான். உள்ள இருந்து ஒரே ஒரு குரல் வந்தாப் போதும், உடைச்சிடுவேன்" என்றார். ஜீப் ஒலிபெருக்கியில் கஸாக்கிலும் ரஷ்ய மொழியிலும் கூப்பிட்டார். "போலீஸ். உள்ளே யாராவது இருந்தால் குரல் கொடுங்கள்." கட்டடம் அப்படியே நின்றது. மறுபடி கூப்பிட்டார். பெர்மெத் என்று பெயர் சொல்லியும் கூப்பிட்டார். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

காவல்காரன் பல் குத்த ஆரம்பித்தான். கார் ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பினான்.

உள்ளே பெண்கள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் கூப்பிடக் கூப்பிட இன்னும் இறுக்கிப் பொத்துவார்கள். நாங்கள் திரும்பிப் போனதும் இந்தக் கதவு திறக்கும், கவுன் போட்ட பிள்ளையைத் தூக்கிப் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்.

அனார்கான் ஜீப்புக்குப் போய் மைக்கை எடுத்தாள். கேப்டன் தடுக்கவில்லை. அவள் முகம் வெள்ளைத் துணியாக இருந்தது. வாயைத் திறந்தாள், கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. காவல்காரன் சிரித்தான். அவள் மைக்கை இறக்கி, தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு தடவை மூச்சு விட்டாள்.

பிறகு அந்தக் குரல் வந்தது. பதினெட்டு வருடமாக நான் கேட்காத குரல். அவசரம் இல்லாத, கனமான குரல், எங்கள் கிர்கிஸ் மொழியில்.

"பயணிகள் கவனத்திற்கு. இருட்டுப் பள்ளம் போகும் பயணிகள் கவனத்திற்கு. உங்கள் வண்டி ஐந்தாம் மேடையிலிருந்து புறப்படத் தயாராக இருக்கிறது."

கேப்டன் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று என்னைப் பார்த்தார். நான் கிடங்கைப் பார்த்தேன். போலீஸ் என்று யாரும் சொல்லலாம், பெர்மெத் என்று யாரும் கூப்பிடலாம். இருட்டுப் பள்ளம் என்று அந்தக் குரலில் இந்த உலகத்தில் வேறு யாருக்கும் சொல்லத் தெரியாது.

அனார்கான் இரண்டாவது தடவை சொன்னாள். "இருட்டுப் பள்ளம் போகும் வண்டி, இன்னும் சிறிது நேரத்தில்..."

இரும்புக் கதவு உள்ளேயிருந்து அதிர்ந்தது. இரண்டு கையாலும் அறைகிற சத்தம். அதோடு ஒரு பெண்ணின் அலறல். பஸ்ஸைத் தவற விடுகிறவர்கள் எங்கள் ஊரில் எப்படிக் கத்துவார்களோ அப்படியே கத்தினாள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கக்கா! நாங்க இன்னும் ஏறல!"

கேப்டன் கோடரியை எடுத்தார்.

ஏழு பெண்கள், இரண்டு பிள்ளைகள். தான்சுலு புதுக் கவுனில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்க அம்மாவின் இடுப்பில் இருந்தாள். பெர்மெத் வெளிச்சத்தில் கண் கூசி நின்று, மைக்கோடு நின்ற அந்த ஒரு பிடி ஆளைப் பார்த்து, "வேற யாரோன்னு சொன்னீங்களேக்கா" என்றாள். அனார்கான் ஜீப் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். சாம்பல் நிறக் கார் நகர முடியாதபடி கேப்டனின் ஆள் முன்னால் நின்றான். பின் சீட்டுப் பெண் பொம்மையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது வேனில் இடம் போதவில்லை. அனார்கான் கதவைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். இந்தத் தடவை நான் கிண்டல் செய்யவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல், கனிவாக, சொந்தக்காரி போல. "நல்ல குரல் உனக்கு. பஸ் ஸ்டாண்டு அனார்கான்தானே நீ? இன்னும் அந்த வீட்லதான இருக்க?" அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அனார்கான் வீட்டுக்கு இரண்டு பூட்டு. நடந்து போகிற வழியை நாளுக்கொன்றாக மாற்றுகிறாள். ஒருமுறை கேட்டேன், "போதும்மா, விட்டுடலாமா?" என்று. "பயமா இருக்குண்ணே" என்றாள். அதற்குள் போன் அடித்தது. தேநீரைச் சிந்திவிட்டு எடுத்தாள்.

அவள் கேட்கும் கேள்விகளில் இப்போது ஒன்று கூடியிருக்கிறது. எங்கே இருக்கிறாய் என்பதற்கும் முன்னால், சாப்பாட்டுக்கும் முன்னால் அதைத்தான் கேட்கிறாள்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா? அப்போ ஊர் பேர நீ சொல்லாத. உம் புள்ளைகிட்ட போனக் குடு."